31ஆம் நாளுக்குப் பிறகும் வந்தவர்களுக்கு நன்றி

கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துக்கள்.

மட்டக்களப்பு நகரிலும் கல்லடி, நாவலடிப் பக்கத்திலும், தெற்கே கல்முனை, திருக்கோவில் வரையும் துக்க வீடுகளையும் நோயாளிகளையும் சந்திக்கும் எங்கள் குழுவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். யார் எதைச் செய்தீர்கள், அது ஏன் பெரிய உதவி என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். இனி இந்த ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கும் அது பயன்படட்டும்.

முதலில், ஒருவர் இறந்து 31ஆம் நாள் நடக்கும் நினைவுச் சடங்குக்குப் பிறகும் போய்வந்த சகோதரிகளுக்கு. சாவு வீட்டில் முதல் கிழமை இருக்கக் கதிரை போதாது. 31 முடிந்ததும் பந்தலோடு சனமும் கலைந்துவிடும். "ஏன் ஆண்டவரே?" என்ற கேள்வி நெஞ்சை அடைப்பது அதற்குப் பிறகுதான். ஜெபிக்க வாய் வராது, ஞாயிறு ஆராதனைக்கு வரக் கால் எழும்பாது. அதை விசுவாசக் குறைவு என்று பேசுவது கொடுமை. நீங்களோ இறந்தவரின் பிறந்தநாள், கலியாண நாள், அவர் இல்லாத முதல் நத்தார் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்துவைத்து, வருடம் முடியும்வரை மாதம் ஒருதரமாவது போனீர்கள். போவதற்கு முந்தின நாளே போன் எடுத்துக் கேட்டு, இருவர் இருவராகப் போய், அரை மணிக்கு மேல் இராமல் திரும்பினீர்கள். தேயிலையும் சீனியும் கையோடு கொண்டுபோனதைச் சின்ன விசயமாக எண்ண வேண்டாம். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வழியில்லையே என்று கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகள் நம்மிடையே உண்டு.

வாயைக் காத்ததற்கும் நன்றி. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்தான். விளக்கம் சொல்லத் தொடங்கியதும் அவருக்குப் பாரமானார்கள். "எல்லாம் நன்மைக்கே", "ஏதோ பாவம் இருக்கும், ஆராய்ந்து பாருங்கள்" என்று துக்க வீட்டில் சொல்லக் கூடாது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டபோது, அவனுடையதும் அல்ல, பெற்றவர்களுடையதும் அல்ல என்றுதான் இயேசு சொன்னார் (யோவான் 9). "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்னும் ரோமர் 8:28 சத்திய வசனம்தான். ஆனால் துக்கப்படுகிறவர் தானாக அந்த வசனத்துக்கு வந்துசேரும்வரை நாங்கள் அவசரப்படுத்தக் கூடாது.

13ஆம் சங்கீதத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையிட்டுத் தந்த தம்பிமாருக்குத் தனியாக எழுத வேண்டும். ஆறே வசனம் என்பதால் ஒரு அட்டையின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது. முதல் இரண்டு வசனமும் முறைப்பாடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அடுத்த இரண்டும் விண்ணப்பம், கடைசி இரண்டும் நம்பிக்கை. ஆறுதலாக இரண்டு தரம் வாசியுங்கள். அழுகிறவருக்கு முதல் தரம் காதில் ஏறாது. முறைப்பாட்டோடு நிறுத்தச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஐந்தாம் ஆறாம் வசனங்களைச் சொல்ல அவரால் முடியாவிட்டால், "உங்களுக்காக நாங்கள் சொல்லுறம்" என்று சொல்லி நீங்கள் வாசியுங்கள். சபை இருப்பது அதற்குத்தான். அதுவும் தாங்காதவர்களுக்கு 88ஆம் சங்கீதம் இருக்கிறது. அது முடியும்வரை இருள் விலகுவதில்லை. ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் அது தொடங்குகிறது. கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவர்தான் முறையிடுவார்.

ஆலயத்தில் பெயர்களை வாசிக்கிறவர்கள் போர்க்காலத்தில் காணாமல்போனோரை மரித்தோரோடு சேர்க்காமல் தனியாக வாசித்தீர்கள். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல்போன யேசு சபைக் குரு இயூஜின் ஹேபர்ட் அடிகளாரை இந்த ஊர் மறக்கவில்லை. அப்படிக் காத்திருக்கும் தாய்மார் பலர். அவர்களிடம் "இருந்தார்" என்று சொல்லாமல் "இருக்கிறார்" என்றே பேசி, நினைவு ஆராதனை வைக்கச் சொல்லி நெருக்காமல் இருந்தீர்கள்.

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு ஒவ்வொரு வருடமும் இரண்டு நினைவு நாள் வருகிறது. ஒன்று ஏப்ரல் 21, மற்றது உயிர்த்த ஞாயிறு. 2019இல் இரண்டும் ஒரே நாள். 2024இல் பண்டிகை மார்ச் 31இல் வந்து, மூன்று கிழமையால் ஏப்ரல் 21 வந்தது. எல்லோரும் அல்லேலூயா பாடும் நேரத்தில் அவர்கள் வெளியே நின்றால், கூடப்போய் நின்ற வாலிபருக்கு நன்றி. வாசலுக்கு அருகே இருக்கை ஒதுக்கிய பரிபாலகருக்கும், பண்டிகை நாட்களில் அந்த வீடுகளின் பக்கம் வெடி கொளுத்தாத சைவ, முஸ்லிம் அயலவருக்கும் அப்படியே.

ஆஸ்பத்திரிச் சந்திப்புகளில் தாதியர் பொறுமையாகச் சொல்லித்தந்தவை பல. சத்திரசிகிச்சைக்காக வெறுவயிற்றில் இருப்பவருக்குத் திருவிருந்து ஒரு துளியும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து சுவாசப்பைக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. அவருக்கு ஜெபம் போதும், திருவிருந்தைப் பிறகு கொடுக்கலாம். விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்குக் கொடுக்குமுன் தாதியரிடம் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், தலைமாட்டை உயர்த்தி, அப்பத்தின் சிறு துணுக்கை ரசத்தில் நனைத்துக் கரண்டியால் கொடுக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவரிடம் தடிமன், இருமலோடு போக வேண்டாம்.

உபவாசம் பற்றித் தெளிவாகப் பேசிய போதகர்மாருக்கும் நன்றி. இன்சுலினோ நீரிழிவுக் குளிசையோ எடுக்கிறவர் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால், சீனி இறங்கி வியர்த்து, நடுங்கி, மயங்கி விழலாம். மருந்தை நிறுத்துவது விசுவாசம் ஆகாது. பவுலே தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்கு வழி சொல்லித்தான் எழுதினார். நித்திரையே இல்லாமல், சாகவேண்டும் என்று பேசுகிறவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் கூட்டிப்போனவர்களை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எல்லோரும் போனில் பதிந்துவையுங்கள்.

பொதி கட்டியவர்களே, ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, சீனி, தேயிலை, ரின்மீன் என்று அளந்து கட்டி, இருட்டிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். படம் எடுக்கவில்லை. வாங்குகிற கையைப் படம் பிடித்தால் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலைநிமிர முடியாது. 31ஆம் நாள் சாப்பாட்டுக்குக் கடன்பட வேண்டாம், பாணும் தேத்தண்ணியும் போதும் என்று உறவினரிடம் துணிந்து பேசிய மூத்தவர்களே, நீங்கள் அந்த விதவைகளை நுண்கடனிலிருந்து காத்தீர்கள்.

நத்தாருக்கு அடுத்த நாள் டிசம்பர் 26. 2004இல் கடல் கொண்டுபோனவர்களின் வீடுகளில் இன்றும் நட்சத்திரம் தொங்காத வீடுகள் உண்டு. ஏன் தொங்கவிடவில்லை என்று கேட்காதீர்கள். இந்த வருடமும் அந்தக் கிழமையில் போவோம். திருக்கோவில் பக்கம் ஓட வசதியுள்ள ஓட்டோ இரண்டு தேவை, பெற்றோல் செலவு எங்களுடையது. சங்கீத அட்டையும் முடிந்துவிட்டது. அச்சடிக்க முடிந்தவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து எங்களைச் சந்தியுங்கள்.

நன்றியுடன்,
வீட்டுச் சந்திப்புக் குழுவினர்,
மட்டக்களப்பு