ஓரமாகப் போகச் சொல்லும் விதி

அன்பு நண்பா,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த வரைவும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்பைவிடப் பரவாயில்லை. இத்தனை காலம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டு, திடீரென்று கனமான ஒரு விதித் தொகுப்பை அனுப்பி, படித்துக் கருத்துச் சொல் என்று கேட்க உன்னால்தான் முடியும். பள்ளி நாட்களில் வரிசையில் நிற்கச் சொன்னால் காணாமல் போகிறவனைப் போக்குவரத்து விதிக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள் என்று நம் நண்பன் கேப்டனிடம் சொன்னபோது, அவன் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஆனால் உன்னைச் சேர்த்தது நல்லதென்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் வரைவில் ஒரு பிரிவை நீ எதிர்த்தே ஆகவேண்டும்.

பாதசாரிகள் பற்றிய பகுதியில் பெரிய குறை இல்லை. நடைபாதை இல்லாத சாலையில் எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடக்க வேண்டும் என்று எழுதியிருப்பது சரியே. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர் மட்டும் வாகனங்கள் செல்லும் திசையிலேயே, அந்தப் பக்கத்து ஓரமாகப் போகவேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. கடப்பதற்கான பச்சை விளக்கு 10 விநாடி எரிந்தால் போதும் என்ற கணக்கைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 12 மீட்டர் அகலமுள்ள சாலையை 10 விநாடியில் கடக்க வேண்டுமானால் ஒருவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்க வேண்டும். அது திடகாத்திரமானவரின் நடை. விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 15 விநாடி தேவை. உங்கள் கணக்குப்படி அவர் கடைசி நான்கு மீட்டரைச் சிவப்பு விளக்கில்தான் கடப்பார்.

இனி என்னைத் தூங்கவிடாத பிரிவுக்கு வருகிறேன். "மிதிவண்டி ஓட்டுவோர் எப்போதும் சாலையின் இடது ஓரத்தை ஒட்டியே செல்ல வேண்டும்" என்று ஓரிடத்தில் இருக்கிறது. சில பக்கங்கள் தள்ளி, கனரக வாகனங்கள் இடப்பக்கம் திரும்பும்போது கவனமாகத் திரும்ப வேண்டும் என்று இருக்கிறது. தனித்தனியாகப் படித்தால் இரண்டிலும் குற்றம் காண முடியாது. ஆனால் சிக்னலில் சிவப்பு விளக்குக்காக ஒரு லாரி நிற்கிறது, அதன் இடப்புறம் ஓரத்தை ஒட்டி, விதிப்படியே, ஒரு சைக்கிள் வந்து நிற்கிறது, பச்சை விழுந்ததும் லாரி இடப்பக்கம் திரும்புகிறது என்று வைத்துக்கொள். இரண்டு விதிகளும் சந்திக்கும் அந்த மூலையில் என்ன நடக்கும் என்பதை வரைவை எழுதியவர் ஒரு முறையாவது நினைத்துப் பார்த்தாரா?

கேப்டன் இன்னும் லாரிதான் ஓட்டுகிறான் என்பது உனக்குத் தெரியும். உன் வரைவைப் பற்றிப் பேச்சு வந்ததும், சரக்கு இறக்கிவிட்டு நின்றிருந்த தன் வண்டியில் என்னை ஏற்றி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தான்; ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். வலப்பக்கம் இருக்கும்வரை அவன் முகம் முழுதாகத் தெரிந்தது. வண்டிக்கு முன்னால் வந்து பம்பரை ஒட்டி நின்றபோது, முன்கண்ணாடியின் கீழ் விளிம்பில் அவன் தலையின் உச்சி மட்டும் தெரிந்தது. குழந்தையாக இருந்திருந்தால் அதுவும் தெரிந்திருக்காது. இடப்பக்கம் போனதும் அடியோடு மறைந்துவிட்டான். பக்கக் கண்ணாடியில் வண்டியின் தகரமும் பின்சக்கரமும் கொஞ்சம் தரையும் தெரிந்தன, அவன் தெரியவில்லை. எங்கே இருக்கிறாய் என்று கத்தினேன். இடப்பக்கக் கதவுக்கு நேர் கீழேயிருந்து, கைப்பிடியில் கை வைத்தபடி, பதில் சொன்னான். நண்பா, உங்கள் விதி சைக்கிள்காரரை நிற்கச் சொல்லும் இடம் மிகச் சரியாக அதுதான்.

தெரியாமல் போவது பாதி ஆபத்து. மீதிப் பாதி சக்கரங்களில் இருக்கிறது. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் போவதில்லை. வளைவின் உட்பக்கமாக, மூலையை அறுத்துக்கொண்டு போகின்றன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே தூரம் கூடக்கூட இந்த விலகலும் கூடுகிறது. இதனால்தான் அனுபவமுள்ள ஓட்டுநர் குறுகலான மூலையில் இடப்பக்கம் திரும்புவதற்கு முன் வண்டியைச் சற்று வலப்பக்கம் வாங்குகிறார். பின்னால் வரும் சைக்கிள்காரருக்கோ லாரி வலப்பக்கம் விலகி வழி கொடுப்பதாகத் தோன்றும். திறந்த இடைவெளிக்குள் அவர் நுழைவார். மறுகணம் அந்த இடைவெளி கத்தரிக்கோல் போல மூடிக்கொள்ளும். இதில் ஓட்டுநர் குடித்திருக்க வேண்டியதில்லை, சைக்கிள்காரர் அவசரக்காரராக இருக்க வேண்டியதில்லை. இருவரும் விதியை மதித்து நடந்தாலே போதும், விபத்து நேர்ந்துவிடும்.

ஆகவே, அவரவர் கடமையைத் தனித்தனி அத்தியாயமாக எழுதும் முறையையே விட்டுவிட்டு, பாதசாரி, சைக்கிள்காரர், லாரி ஓட்டுநர் மூவரும் சேரும் சந்திப்பிலிருந்து எழுதத் தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். ஜெர்மனியில் 2020இல் திருத்திய விதிப்படி, ஊருக்குள் சைக்கிளோ பாதசாரியோ குறுக்கிடக்கூடிய இடத்தில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டி வலப்பக்கம் திரும்பும்போது (அவர்களுக்கு வலம்தான் நமக்கு இடம்) மனிதர் நடக்கும் வேகத்தில்தான் திரும்ப வேண்டும். "கவனமாக" என்ற சொல்லை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது. நடக்கும் வேகம் என்று எழுதினால் கேட்க முடியும். சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1.5 மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் விலகிச் செல்ல வேண்டும் என்று அதே திருத்தத்தில் எழுதிவிட்டார்கள். லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேரடியாகக் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை அளந்து நட்சத்திர மதிப்பு கொடுக்கிறார்கள். 2024 அக்டோபர் முதல் மூன்று நட்சத்திரத்துக்குக் குறைந்த வண்டி, கூடுதல் பாதுகாப்புக் கருவிகளைப் பொருத்தினால்தான் அங்கே ஓட முடியும்.

உன் குழுவால் லாரிகளை மாற்றிக் கட்டச் சொல்ல முடியாது என்பதை அறிவேன். ஆனால் பெயிண்டும் சிக்னல் பெட்டியும் உங்கள் கையில் இருக்கின்றன. சைக்கிள்களுக்கான நிறுத்தக் கோட்டை மற்ற வாகனங்களின் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் போடுங்கள். பம்பரை ஒட்டிப் போட்டுவிடாதீர்கள், அங்கேயும் மறைவிடம் உண்டு என்பதை நானே பார்த்தேன். பாதசாரிக்கும் சைக்கிளுக்கும் பச்சையைச் சில விநாடிகள் முன்னதாகக் கொடுங்கள். லாரி திரும்பத் தொடங்கும்போது அவர்கள் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே வந்திருப்பார்கள்.

ஓரத்தை ஒட்டியே என்பதை எடுத்தால் சாலை ஸ்தம்பித்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அகலமான நேர்சாலையில் சைக்கிள் இடப்பக்கமாகப் போகட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. சந்திப்பை நெருங்கும்போதும், தடம் குறுகும்போதும், சைக்கிள் தடத்தை அடைத்துக்கொண்டு சரக்கு இறக்கும் வண்டி நிற்கும்போதும், சைக்கிள்காரருக்குத் தடத்தின் நடுவே வர உரிமை உண்டு என்று வெளிப்படையாக எழுதுங்கள். லாரிகளுக்குக் காலையில் விதிக்கப்போகும் நேரத்தடையையும் பார்த்து வையுங்கள்: வரைவில் உள்ளபடி தடை நீங்கும் நேரமும் பள்ளி தொடங்கும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. வெளியே காத்திருந்த லாரிகள் அத்தனையும் அந்த நேரத்தில்தான் ஒன்றாக உள்ளே வரும்.

உன் மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். உங்கள் விதி வருகிறதோ இல்லையோ, நிற்கும் லாரியின் இடப்புறம் ஒருபோதும் நுழையக் கூடாது, பின்னாலேயே நின்று அது போனபிறகுதான் போக வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிடு. முடிந்தால் ஒரு லாரியின் ஓட்டுநர் இருக்கையில் அவளை உட்கார வைத்து, நீ கீழே நின்று காட்டு.

குழுவில் லாரி ஓட்டுநர் யாரும் இருப்பதாக உன் கடிதத்திலிருந்து தெரியவில்லை. கேப்டன் வரத் தயாராக இருக்கிறான்; வண்டியையும் கொண்டுவருவான். கூட்டம் நடக்கும் இடத்தின் வாசலில் அதை நிறுத்தி, உறுப்பினர்களை ஒவ்வொருவராக ஏற்றி உட்கார வைக்கலாம் என்கிறான். அடுத்த கூட்டத்தின் தேதியை உடனே எழுது, அவன் லோடு ஏற்றுவதற்கு முன் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்