உன் கடைப் பொடியனும் வெள்ளிக்கிழமையும்

கொழும்பு
வெள்ளிக்கிழமை, அஸர் என்ற பின்னேரத் தொழுகைக்குப் பிறகு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே கிடைத்துவிட்டது. நீ கேட்டிருப்பது வெள்ளிக்கிழமையைப் பற்றி. அதனால் பதிலையும் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எழுதுவோம் என்று இத்தனை நாள் வைத்திருந்தேன்.

முதலில் வீட்டுப் புதினம். வாப்பாவுக்கு 88 வயது முடிந்துவிட்டது. இடது கண் முன்பே போனது உனக்குத் தெரியும். இப்போது வலது கண்ணிலும் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரிகிறது. காது நல்ல கூர்மை. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "வவுனியாவில் மழை பெய்ததாமா?" என்றுதான் முதலில் கேட்டார். கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் போய் ஒரு மேற்பார்வை பார்த்துவிட்டுப் பகலோடு திரும்பிவிடுகிறேன். புறக்கோட்டை அப்படியேதான் இருக்கிறது. இரண்டாம் குறுக்குத் தெருவில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் வண்டிலுக்கு வழிவிட்டு வழிவிட்டே நடக்க வேண்டும்.

சரி, உன் கடைப் பொடியன் விஷயம். மற்றத் தொழுகைகளைச் சாமான் அறையில் பாய் விரித்துத் தொழுகிறான், பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறான், வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு மணித்தியாலம் போய்விடுகிறான், அதையும் அந்த அறையிலேயே தொழுதால் என்ன என்று கேட்டிருக்கிறாய். நீ கோபமாகக் கேட்கவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

முடியாது மச்சான். ஜும்ஆவை, அதாவது வெள்ளிக்கிழமை நடுப்பகல் தொழுகையை, தனியே தொழ முடியாது. மற்ற ஐந்து நேரத் தொழுகையையும் காட்டில் தனியாக நின்றுகூடத் தொழலாம். ஜும்ஆவுக்கு ஆட்கள் வேண்டும். நாங்கள் பின்பற்றுகிற ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவில் ஊரில் குடியிருக்கிற வயதுவந்த ஆண்கள் 40 பேர் கூட வேண்டும். குறைந்தால் ஜும்ஆ இல்லை, ளுஹர் என்ற வழக்கமான நடுப்பகல் தொழுகை நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்றுத்தான். ஜும்ஆ என்ற சொல்லிலேயே கூடுதல் என்ற பொருள் இருக்கிறது. அரபிகள் முன்பு அந்த நாளை அரூபா என்று அழைத்தார்களாம், இந்தப் பெயர் பிறகு வந்தது. வேண்டுமென்று அலட்சியமாக மூன்று ஜும்ஆவை விட்டவனின் உள்ளத்தில் முத்திரை விழுந்துவிடும் என்று ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு. பெண்களுக்கும் கடமையில்லை. உன் பொடியன் இந்த எதிலும் சேராதவன். அவன் என்ன செய்வான்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது ஓய்வு நாள் இல்லை. நீ ஒருமுறை, "எங்களுக்கு ஞாயிறு மாதிரி உங்களுக்கு வெள்ளியா?" என்று கேட்டது ஞாபகம். அப்படியில்லை. குர்ஆனில் 62ஆவது அத்தியாயத்தின் பெயரே ஜும்ஆதான். 11 வசனங்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு அல்லாஹ்வை நினைக்க விரைந்து வாருங்கள் என்கிறது 9ஆவது வசனம். அடுத்த வசனமே, தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்கிறது. அதாவது திரும்பிப் போய்க் கடையைத் திற. காலையில் வியாபாரம், பின்னேரமும் வியாபாரம், நடுவில் மட்டும் ஷட்டரை இழுத்துப் பூட்டு. நாள் முழுக்கச் சும்மா இருப்பது சுலபம். கல்லாவில் காசு விழுந்துகொண்டிருக்கும்போது எழுந்து போவதுதான் கஷ்டம். வியாபாரியான உனக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அந்தக் கஷ்டத்தில் நான் தோற்ற ஒரு நாளைப் பற்றி உனக்கு இதுவரை சொன்னதில்லை. 1994 அல்லது 95ஆக இருக்கும். கண்டிப் பக்கத்திலிருந்து ஒரு மொத்த வியாபாரி, திருமண சீசனுக்குப் பட்டுத் துணி எடுக்க வந்திருந்தார். வெள்ளிக்கிழமை, பன்னிரண்டரை நெருங்கிவிட்டது. வாப்பா பதினொன்றரைக்கே பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். "இதோ முடிந்துவிடும்" என்று நான் துணியை விரித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கடைகளின் ஷட்டர் விழும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. பில் போட்டுக் காசை எண்ணி வைத்துவிட்டு ஓடினேன். நான் சஃப்பில், தொழுகை வரிசையில், சேரும்போது தொழுகை நடத்துகிற இமாம் கடைசி இருப்பில் இருந்தார். இரண்டாவது ரக்அத்தின் ருகூவை, அந்தக் குனியும் நிலையையாவது பிடித்திருந்தால் ஜும்ஆ கிடைத்திருக்கும். அது போய்விட்டது. எல்லாரும் தொழுகையை முடிக்கும் ஸலாம் கொடுத்து எழும்ப, நான் தனியாக நின்று நான்கு ரக்அத்தும் ளுஹராகத் தொழுதேன். என்னைத் தாண்டிப் போனவர்களில் வாப்பாவும் ஒருவர். ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அந்த அத்தியாயத்தின் கடைசி வசனத்தை மட்டும் வாசிக்கச் சொன்னார். மதீனாவில் நபியவர்கள் நின்றுகொண்டு குத்பா, அதாவது பிரசங்கம், ஓதும்போது சிரியாவிலிருந்து சரக்கு ஒட்டகக் கூட்டம் வந்துவிட்டது, சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்து அதை நோக்கி ஓட 12 பேர்தான் மிஞ்சினார்கள். அதைப் பற்றி இறங்கிய வசனம். வாசித்து முடிக்க எனக்குக் குரல் வரவில்லை. அன்றைய லாபம் எவ்வளவு என்று இன்றைக்கு நினைவில் இல்லை. அந்தச் சஃப் கலைந்துபோனது மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

எங்களுக்கு வெள்ளிக்கிழமை வியாழன் மஃரிபிலேயே, சூரியன் மறையும் நேரத்திலேயே, தொடங்கிவிடும். இரவு முந்தி, பகல் பிந்தி. உம்மா வியாழன் இரவைத்தான் "வெள்ளி ராவு" என்பார், உனக்கு நினைவிருக்கும். மௌத்தானவர்களுக்காக, இறந்துபோனவர்களுக்காக, குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதிவிட்டுச் சாம்பிராணி போடுவார். அந்த மணத்தை முகர்ந்து நீ, "எங்கள் வீட்டு வாசம்தான்" என்று சொல்வாய். இப்போது உம்மா இல்லை. என் மனைவி சுபஹு என்ற விடியல் தொழுகைக்குப் பிறகு கஹ்ஃப் அத்தியாயம் ஓதுகிறாள். 110 வசனங்கள், குகையில் உறங்கிய இளைஞர்களின் கதை வருவது. பதினொரு மணிக்குக் குளியல், வெள்ளைச் சாரம், அத்தர். பள்ளிக்கு முதலில் வருபவருக்கு ஒட்டகம் தானம் செய்த நன்மை, பிறகு மாடு, ஆடு, கோழி, கடைசியில் முட்டை. வாசலில் மலக்குகள், அதாவது வானவர்கள், வந்தவர்களின் பெயரை எழுதுவார்கள், இமாம் மிம்பர் மேடையில் ஏறியதும் ஏட்டை மூடிவிட்டு அவர்களும் குத்பா கேட்க உட்கார்ந்துவிடுவார்கள் என்று ஹதீஸ். இதனால்தான் உன் பொடியன் பன்னிரண்டுக்கு முன்பே துடிக்கிறான்.

சம்மாங்கோட்டுப் பள்ளியை நீ மறந்திருக்க மாட்டாய். சிவப்பும் வெள்ளையுமாக, 1908இல் கட்டத் தொடங்கி அடுத்த வருடம் முடித்த பள்ளி. நீ எனக்காக வாசலில் செருப்புக்குக் காவல் நின்ற இடம். அங்கே இரண்டு பாங்கு, தொழுகைக்கான அழைப்பு, ஏன் என்று அப்போதே கேட்டாய், எனக்குப் பதில் தெரியவில்லை. நபியவர்கள் காலத்தில் ஒரு பாங்குதான், இமாம் மிம்பரில் உட்கார்ந்ததும் சொல்வது. உஸ்மான் கலீஃபா காலத்தில் ஊர் பெருத்துவிட்டது. அதனால் மதீனாக் கடைத்தெருவில் ஸவ்ரா என்ற இடத்தில் முன்கூட்டியே ஒரு பாங்கு சொல்ல ஏற்பாடு செய்தார். கடைத்தெருக்காரர்களுக்கு என்றே வந்த பாங்கு அது. புறக்கோட்டையில் அதைக் கேட்கும் போதெல்லாம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

குத்பா நேரத்தில் பேசக் கூடாது. பக்கத்தில் பேசுபவனைப் பார்த்து "சும்மா இரு" என்று சொன்னாலும் அதுவும் வீண் பேச்சுக் கணக்குத்தான். கோடீஸ்வர முதலாளியும் அவருடைய கடை நாட்டாமியும் தோளோடு தோள் முட்ட வாய்மூடி இருப்பதை வாரம் ஒருமுறை அங்கேதான் பார்க்கிறேன்.

அந்த 40 என்ற கணக்குக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. கஃப் இப்னு மாலிக் என்ற நபித்தோழர், கவிஞர், முதுமையில் பார்வை இழந்தவர். மகன் அப்துர் ரஹ்மான்தான் கைபிடித்துக் கூட்டிப்போவார். வெள்ளிக்கிழமை பாங்கு கேட்கும் போதெல்லாம் அவர் அஸ்அத் இப்னு ஸுராரா என்பவருக்காகத் துஆ, அதாவது பிரார்த்தனை, கேட்பாராம். ஏன் என்று மகன் ஒருநாள் கேட்டார். நபியவர்கள் மதீனாவுக்கு வருமுன்னே எங்களை முதன்முதலில் ஜும்ஆவுக்குக் கூட்டியவர் அவர்தான் மகனே என்றார். அன்று எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, 40 பேர் என்றார். அஸ்அத், நபியவர்கள் மதீனா வந்த முதல் வருடத்திலேயே மௌத்தாகிவிட்டவர். அத்தனை காலத்துக்குப் பிறகும் ஒரு குருடர் பாங்கு கேட்டதும் அவரைத்தான் நினைக்கிறார். ஒவ்வொரு வெள்ளியும் வாப்பாவின் கையைப் பிடித்துப் பள்ளிப் படியேறும்போது எனக்கு அந்த மகனின் ஞாபகம் வரும். வாப்பாவும் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, தன்னைச் சின்ன வயதில் கூட்டிவந்த மூத்த காக்காவுக்காக, அண்ணனுக்காக, ஏதோ முணுமுணுப்பார்.

ஜும்ஆ இல்லாத வெள்ளிகளையும் பார்த்துவிட்டோம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த வெள்ளி, வீட்டிலேயே தொழும்படி கேட்டுக்கொண்டார்கள். தேவாலயங்களில் செத்துப்போனவர்களை நினைத்து, வெட்கமும் துக்கமுமாக வீட்டுக்குள் இருந்த நாள் அது. நீ அன்று போன் எடுத்து, "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டாய். அதை நான் மறக்க மாட்டேன். அப்புறம் 2020 மார்ச்சில் கொரோனா. மாதக்கணக்கில் ஜும்ஆ இல்லை. வீட்டில் ஆண்கள் நாங்கள் மூன்று பேர், 40க்கு எங்கே போவது? ஆனாலும் வாப்பா ஒவ்வொரு வெள்ளியும் பதினொரு மணிக்குக் குளித்து வெள்ளை உடுத்து அத்தர் பூசிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு நான்கு ரக்அத் ளுஹர் தொழுதோம். பள்ளி திறந்த முதல் வெள்ளி, பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்க்க முடியாமல் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆகவே மச்சான், பொடியனைப் பதினொன்றே முக்காலுக்கு விட்டுவிடு. இரண்டு மணிக்குள் வந்துவிடுவான். வேண்டுமானால் மாலையில் அரை மணி நேரம் கூட நிற்கச் சொல், சந்தோஷமாக நிற்பான்.

ஆடிவேல் திருவிழாவுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமையே வந்துவிடு. காலையில் செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலுக்குப் போய்விட்டு இங்கே வா. உன் வெள்ளிக்கிழமை மரக்கறிக்காக உம்மா தனியாக வைத்திருந்த சின்னச் சட்டியை இன்றுவரை வேறெதற்கும் நாங்கள் எடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமையில் ஒரு நேரம் இருக்கிறது, அதில் கேட்ட துஆ வீண்போகாது. குத்பா நேரம் என்று சிலரும், அஸருக்குப் பிறகு சூரியன் மறையும் முன் உள்ள கடைசி நேரம் என்று சிலரும் சொல்வார்கள். இப்போது அந்தக் கடைசி நேரம்தான். வாப்பா விறாந்தையில் தஸ்பீஹ் மணிமாலையோடு உட்கார்ந்திருக்கிறார். தங்கச்சிக்குப் புதன்கிழமை முழங்கால் சத்திரசிகிச்சை என்று எழுதியிருந்தாய். நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகக் கேட்கப்போகிறேன். மஃரிபுக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது.

உன் கூட்டாளி