தண்ணீர் பார்க்கும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வரும் ஓர் அம்மாவின் மகள் நான். அம்மாவையும் நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நீங்கள் இருப்பது கீழே, டயாலிசிஸ் மெஷின்களுக்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட் அறையில்.

டாக்டருக்கு நன்றி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஊசி போடும் சிஸ்டருக்கும் சொல்லிவிடுகிறோம். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து உண்டாக்கிய ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பார்த்தே இன்று எங்கே குத்தலாம் என்று முடிவு செய்பவர் அவர். குத்திய இடத்திலேயே திரும்பக் குத்தாமல், இடம் மாற்றி மாற்றி அந்தக் கையை இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருக்கிறார். அம்மா திருட்டுத்தனமாகக் குடித்த தண்ணீரை எடை மெஷின் காட்டிக்கொடுக்கும்போது, திட்டாமல் சிரிக்கும் டெக்னீஷியனும் உண்டு. (திட்டுவதற்குத்தான் வீட்டில் நான் இருக்கிறேனே.)

உங்களிடம் மட்டும் யாரும் வந்து எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

மெஷினில் நிமிடத்துக்கு 500 மில்லி தண்ணீர் ஓடினால், 4 மணி நேரத்துக்கு 120 லிட்டர். நாம் குடிக்கும் தண்ணீரில் ஏதாவது இருந்தால் குடல் கொஞ்சம் தடுக்கும், மிச்சத்தைக் கிட்னி வெளியேற்றும். அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. ரத்தத்துக்கும் நீங்கள் அனுப்பும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வு ஒன்றுதான். கிருமியைக் கொல்லக் குழாய்த் தண்ணீரில் சேர்க்கும் குளோரமைன், கார்பன் ஃபில்டரைத் தாண்டி வந்தாலே போதும், சிவப்பணுக்கள் உடைய ஆரம்பித்துவிடும். 1996இல் பிரேசில் நாட்டின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் தண்ணீரில் பாசி நச்சு கலந்து 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

நீங்கள் உங்கள் வேலையைச் சரியாகச் செய்தால் மேலே எதுவுமே நடக்காது. அதனால்தான் உங்களை யாருக்கும் தெரியவில்லை போலும்.

சமீபத்தில் ஒரு நாள், குளோரின் சோதனை சரியாக வரவில்லை என்று காலை ஷிப்டை நிறுத்தி வைத்தீர்கள். காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், சிலர் சத்தமே போட்டார்கள். அடுத்த ஷிப்டுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு நேரம் மாற்றிய வரவேற்பறைப் பெண்ணும் அன்று நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்கும் சேர்த்தே இந்தக் கடிதம். அத்தனை பேர் அவசரப்படுத்தியும் நீங்கள் மறுபடி சோதித்து, சரியாக வந்த பிறகுதான் மெஷின்களை ஓட்டச் சொன்னீர்கள்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். உங்களைப் பார்க்க வேண்டுமாம். அவரால் படி இறங்க முடியாது. நேரம் கிடைக்கும்போது நீங்களே ஒரு தடவை மேலே வந்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
ஒரு நோயாளியின் மகள்