கையெழுத்துப் போடும் முன் இதைப் படி

அன்புள்ள ஆச்சிக்கு,

உன் கடிதம் மாசியில் வந்தது. இப்போது ஆடி. திட்டாதே. பாப்பா மெல்போர்னிலிருந்து பையனோடு வந்து இறங்கியதிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் உட்கார நேரமில்லை. எனக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, இவருக்குச் சர்க்கரை அப்படியே இருக்கிறது. நம் சிநேகிதி நெட்டை ஃபோன் செய்தாள், அவளும் அப்படியேதான் இருக்கிறாள். நலம் விசாரிப்பு முடிந்தது.

"வீட்டை ஹோட்டலுக்கு விடப் போகிறார்கள், பங்காளிகள் எல்லோரும் சரி என்றாச்சு, நான் ஒருத்திதான் பாக்கி, நீ பேங்கில் இருந்தவள், சொல்லு" என்று எழுதியிருந்தாய். ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் மாப்பிள்ளை காரைக்குடிப் பக்கம் உங்கள் செட்டியார் ஆட்களுடைய வீடு ஒன்றை மாற்றிக் கட்டிய ஹோட்டலில் எங்கள் எல்லோருக்கும் ரூம் போட்டுவிட்டார். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஏற்ற இடம் என்று படித்தாராம். எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று கேட்காதே. சொன்னால் அது யார் வீடு, அதில் எத்தனை புள்ளி, அதாவது கல்யாணமான ஜோடி, யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்று எனக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிடுவாய். வாடகையையும் கேட்காதே. ஹாஸ்டலில் நாம் கட்டிய மெஸ் பில் மொத்தத்தையும் கூட்டினாலும் ஓர் இரவுக்குக் காணாது.

பல்லவன் ரயிலில் போனோம். காரைக்குடி வரும்போது ராத்திரி. நாங்கள் எல்லோரும் தூங்கி வழிய, பேரன் சின்னவன் மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான். ஹோட்டலில் குறை சொல்ல முடியாத உபசாரம். கம்பி வைத்த கட்டில், உயர நாற்காலி, குட்டித் தலையணை, குளிக்க ரப்பர் வாத்து, எல்லாம் தயாராக இருந்தது. அவன் எதையும் சீண்டவில்லை. உள்ளே நுழைந்ததும் தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டான். ஆத்தங்குடிக் கல். பாப்பா தூக்கித் தூக்கிக் கட்டிலில் போடுகிறாள், அவன் இறங்கி இறங்கித் தரைக்கே வருகிறான். உன் கல்யாணத்தில் நீ நகை கனத்தில் நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தபோது உன் மாமனார் எனக்கு அந்தக் கல் செய்கிற விதத்தை விலாவாரியாகச் சொன்னார். சூளையில் வேகிற கல் இல்லையாம். கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்களாம். அந்தக் கண்ணாடி வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், உள்ளே கல் சில்லென்று இருக்கிறது. அவன் பகல் தூக்கம் முழுக்க அங்கேதான். பாப்பா கடைசியில் போர்வையை மடித்து வைத்துவிட்டாள்.

அவள் மெல்போர்னிலிருந்து கதவுகளுக்குக் குறுக்கே மாட்டுகிற தடுப்பு வேறு தூக்கி வந்திருந்தாள். பர்மாத் தேக்கு நிலையில் அதைத் திருகி இறுக்க மேனேஜர் விடவில்லை. விட்டிருந்தால் நானே சண்டை போட்டிருப்பேன். ஆனால் தடுப்பு தேவைப்படவும் இல்லை. ஒவ்வொரு வாசற்படியும் அவன் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. வயிற்றைப் போட்டு ஏறி, அந்தப் பக்கம் உருண்டு, எழுந்து நின்று பெருமையாகப் பார்ப்பான். அதற்குள் யாராவது பிடித்துவிடலாம். தலைவாசலைச் சாத்திவிட்டால் வெளியே போக வழியில்லை. முற்றத்தைச் சுற்றிய வளவில் எங்கே உட்கார்ந்தாலும் பிள்ளை கண்ணில் படுகிறது. முற்றத்தைச் சுற்றித் தூண் தூணாகத் தொட்டுக்கொண்டு ஓடினான் பார், அந்த வீட்டைக் கட்டியவர்கள் பிள்ளைகளை நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்வேன்.

ஹோட்டல்காரர்கள் யாரை நினைத்து மாற்றினார்கள் என்பது வேறு கதை. வளவில் ஒரு பிள்ளை கத்தினால் மாடி வரைக்கும் கேட்கும். நூறு பேர் இருந்த வீட்டில் அது வசதி. இப்போது அங்கே வருகிறவர்கள் காசு கொடுப்பதே சத்தமில்லாமல் இருக்கத்தான். பிரெஞ்சுக்காரர் ஒருவர், நம் வயசு இருக்கும், சின்னவன் மூன்றாவது சுற்று ஓடும்போது புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனார். கோபமா தலைவலியா தெரியாது. பாப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அன்றைக்குப் பொழுது சாய்கிற வரை "ஷ்ஷ்" சொல்லியே பிள்ளையை வளர்த்தாள். உயர நாற்காலியும் வாத்தும் வாங்கி வைத்துவிட்டால் குழந்தைகளுக்கு ஏற்ற இடம் ஆகிவிடுமா?

வீட்டின் பின்பக்கம், மூன்றாங்கட்டில் ஆட்டுக்கல், அம்மி, உரல் எல்லாம் கிடக்குமே, அந்த இடத்தில் நீச்சல்குளம். அழகுதான். ஆனால் சுற்றித் தடுப்பு கிடையாது. ஆஸ்திரேலியாவில் சொந்த வீட்டில் குளம் வைத்தால்கூட வேலி போட்டே ஆகவேண்டும் என்று மாப்பிள்ளை மேனேஜரிடம் பொறுமையாக விளக்கினார். மறுநாள் ஒரு பையனை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவன் செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனை இவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு விஷயத்தில் மட்டும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம் என்று வெளியூர்க்காரர்கள் கட்டிவிட்ட கதையை நம்பி பாப்பா டப்பா டப்பாவாகக் குழந்தைச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். அவன் வெள்ளைப் பணியாரத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தின்றான். தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம் தின்றான். இனிப்புக் கும்மாயத்தை விரலால் வழித்துத் தின்று சட்டை, தலைமுடி, என் புடவை எல்லாவற்றிலும் பூசினான். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான் என்பது அங்கே சட்டம். எட்டு மணி வரை எந்தக் குழந்தை முழித்திருக்கும்? சமையற்கட்டில் வேலை செய்கிற அந்த ஊர் அம்மா ஒருத்தி, யாரையும் கேட்காமல், ஆறு மணிக்கே பருப்பு சாதம் குழைத்துக் கொண்டு வந்து கொடுத்தாள்.

சரி, இவ்வளவும் ஊர்க்கதை. நான் உட்கார்ந்து எழுதுவது வேறு ஒன்றுக்காக.

எங்கள் ரூமுக்குள்ளேயே குளியலறை. கண்ணாடித் தடுப்பு, மேலேயிருந்து கொட்டும் ஷவர், வழுக்காத தரை. சின்னவனைப் பக்கெட்டில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவு மட்டும் பழைய கதவு. கனத்த பூட்டு, அதில் அந்தக் குடும்பத்தின் விலாச எழுத்து வெட்டியிருந்தது. சுவரில் விளக்கு வைக்கிற மாடக்குழி, அதில் இப்போது ஷாம்பு. அப்போதுதான் உறைத்தது. அது யாரோ ஒரு புள்ளியின் அறை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ஒதுக்கிக் கொடுத்து, மருமகள் கொண்டு வந்த சீர்ச்சாமானை அடுக்கிப் பூட்டிய அறை. அந்த அறைகள் எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியும். இரண்டைச் சேர்த்தால்தான் ஒரு லக்ஷுரி ரூம் வரும், ஒன்று படுக்க, ஒன்று குளிக்க. யார் அறை படுக்கை, யார் அறை கக்கூஸ் என்று எந்தப் பங்காளி முடிவு செய்தார்?

சிரிப்பாய். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் ஆச்சி, உன் வீட்டுக்காரர், அண்ணன், போன பிறகு உங்கள் அறையை நீ திறக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குப் போனால்கூட முகப்பிலேயே உட்கார்ந்துவிட்டு வருகிறாய். உன் கடிதத்தில் வாடகை எவ்வளவு, பங்குக்கு எவ்வளவு, எத்தனை வருஷம் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய், அந்த அறையைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் கேட்கிறேன். பிளானைப் பார்த்தாயா? உங்கள் அறை என்ன ஆகிறது என்று கேட்டாயா?

வீட்டை ஹோட்டலுக்கு விடாதே என்று சொல்ல வரவில்லை. காரைக்குடியில் பழைய சாமான் விற்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு எல்லோரையும் கூட்டிப் போனேன். பீங்கான் ஜாடி, பெல்ஜியம் கண்ணாடி, அலமாரி, தூண், எல்லாம் ரோட்டோரம் சாத்தி வைத்திருக்கிறது. ஒரு கடையில் தலைவாசல் ஒன்றை நிலையோடு முழுசாக நிறுத்தியிருந்தார்கள், பின்னால் வீடு இல்லை. சின்னவன் பழகின வித்தையைக் காட்டி வயிற்றைப் போட்டு ஏறி அந்தப் பக்கம் போனான், கடைக்காரர் கை தட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு அந்தத் தெருதான் கதி. உங்கள் ஆட்கள் பர்மாத் தொழிலை விட்டு ஓடி வந்து எண்பது வருஷம் தாண்டிவிட்டது, யார் இனி ஓடு மாற்றுவார்கள்? 2014-இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தபோது பேப்பரை வெட்டி எனக்கு அனுப்பினாய். பட்டியலா வந்து ஒழுகலை அடைக்கும்? நான் தங்கிய வீட்டில் விளக்கு எரிகிறது, முற்றம் கழுவுகிறார்கள், அந்த ஊர்ப் பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடு.

ஆனால் இப்படிப் போடு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆகவேண்டும், வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொள்ளலாம் என்று உன் கொழுந்தனார் சொன்னால் காதில் வாங்காதே. அண்ணன் பங்கில் உன் பையனுக்கும் உரிமை உண்டு, அவன் கையெழுத்தும் வேண்டும். டல்லாஸிலிருந்து வர முடியாதென்றால் ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி பவர் பத்திரம் அனுப்பட்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடாதே. எந்தச் சுவரை இடிக்கிறார்கள், எந்த அறையை எதோடு சேர்க்கிறார்கள் என்ற பிளான் பத்திரத்தோடு இணைந்திருக்கட்டும். ஒவ்வொரு கதவும் தூணும் ஃபோட்டோவோடு பட்டியலில் ஏறட்டும், இல்லாவிட்டால் குத்தகை முடியும்போது பாதி முனீஸ்வரன் கோயில் தெருவில் நிற்கும். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு உங்களுக்கு வேண்டும், எத்தனை நாள், எவ்வளவு முன்னால் சொல்லவேண்டும் என்பதை எழுத்தில் வாங்கு. "அதெல்லாம் வாய்ப்பேச்சிலேயே பார்த்துக்கலாம்" என்பார்கள். உங்கள் வீட்டு மாடிப்படி வழக்கும் வாய்ப்பேச்சில்தான் ஆரம்பித்தது.

உங்கள் அறையைக் குத்தகையிலிருந்து விலக்கிவிடச் சொல். ஓர் அறை குறைந்தால் அவர்களுக்கு ஒன்றும் குடி முழுகாது. சாவி உன்னிடம் இருக்கட்டும். நீ திறப்பாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். ஹோட்டல்காரர்கள் முகத்தைச் சுளித்தால் வாடகையில் கொஞ்சம் விட்டுக்கொடு. பங்காளிகள் முகத்தைச் சுளித்தால் விட்டுக்கொடுக்காதே.

அப்புறம் குளம் வெட்டினால் வேலி போட வேண்டும் என்பதையும் ஒரு ஷரத்தாகச் சேர்த்துவிடு. இது மாப்பிள்ளை சொல்லச் சொன்னது.

ஒப்பந்த நகலை வக்கீலிடம் கொடுக்கும் முன் பக்கம் பக்கமாக ஃபோட்டோ எடுத்து அனுப்பு, எங்கே என்ன இடறுகிறது என்று குறித்துத் தருகிறேன். பாப்பா ஆவணி பாதி வரை இருப்பாள், அதற்குள் ஒரு நடை இங்கே வந்தால் சின்னவனைப் பார்க்கலாம். வரும்போது மனகோலம் பலகாரம் கொண்டு வா, கடையில் வாங்கியது வேண்டாம். நெட்டையிடம் மட்டும் ஹோட்டல் பேச்சை எடுக்காதே. திறப்பு விழாவுக்கு முன்னாலேயே குடும்பத்தோடு வந்து ரூம் கேட்பாள், அதுவும் ஓசியில்.

உன்,
மெஸ் செகரெட்டரி