கிணற்று மோட்டார் ஒயர் திருட்டு: முதல் தகவல் அறிக்கை பதிய உத்தரவிடக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்

பார்வை: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்), 2023, பிரிவு 173(4)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரில் கிணற்றுப் பாசனம்தான். போன மாதம் ஒரே இரவில் என் கிணற்றிலும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகளிலும் மோட்டாருக்குப் போகும் செம்பு ஒயரை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் ஒயர்தான் தொங்குகிறது. உரித்த கறுப்புத் தோலை வரப்பிலேயே போட்டிருந்தார்கள். அவசரமில்லாமல் உட்கார்ந்து செய்த வேலை.

காவல் நிலையத்தில் புகாரை வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது (புகார் மனு வாங்கியதற்கான சீட்டு) கொடுத்து, "பதிவு பண்ணியாச்சு, போங்க" என்றார்கள். மனு ஏட்டில் ஏறியது, சரி. ஆனால் நாங்கள் கேட்பது பிரிவு 173 சொல்லும் பதிவு, அதாவது முதல் தகவல் அறிக்கை. அப்படிப் பதிந்தால் குற்ற எண் விழும், நீதித்துறை நடுவருக்கு அறிக்கை போகும், புகார்தாரருக்கு நகல் இலவசமாகக் கிடைக்கும். சி.எஸ்.ஆருக்கு இவை எதுவும் இல்லை. நாளைக்கே பழைய இரும்புக் கடையில் ஒருவன் செம்போடு மாட்டினாலும், அவனைச் சேர்க்க எங்கள் புகாரின் மேல் ஒரு வழக்கு இருக்காது.

சின்னத் திருட்டு என்றும் சொன்னார்கள். 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள் என்றால் அந்தப் பேச்சுக்குச் சட்டத்தில் கொஞ்சம் இடமுண்டு. என் ஒயர் மட்டுமே அதைப்போல மூன்று மடங்குக்கு மேல், பில் இணைத்திருக்கிறேன். ஆகவே இது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம். இத்தகைய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013-இல் தீர்ப்பளித்துள்ளது. முதற்கட்ட விசாரணை நடக்கிறது என்றால், அதற்கு டி.எஸ்.பி. அனுமதி வேண்டும், 14 நாளில் முடிக்கவும் வேண்டும். அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. அப்புறமும் யாரும் தோட்டத்துப் பக்கம் வந்து பார்க்கவில்லை.

எனவே, என் புகார் மீது முதல் தகவல் அறிக்கை பதிந்து நகல் வழங்கவும், பக்கத்துத் தோட்டத்தார் கொடுத்த புகார்களையும் விடாமல் விசாரிக்கவும், சுற்றுவட்டாரப் பழைய இரும்புக் கடைகளில் செம்பு விற்றவர்கள் விவரத்தைச் சோதிக்கவும் நிலைய அலுவலருக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பயிர் காய்கிறது என்பதால் புது ஒயர் கடனுக்கு வாங்கி இழுத்திருக்கிறோம். அதுவும் அதே வெட்டவெளியில்தான் கிடக்கிறது.

இணைப்பு: சி.எஸ்.ஆர். ரசீது நகல், ஒயர் வாங்கிய பில், வெட்டுப்பட்ட இடத்தின் படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)