வாடகை ரசீதும் சாட்சிக் கையெழுத்தும்

சென்னை,
16.11.2025.

அன்பு நண்பனுக்கு,

கிறிஸ்து இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்துப் பன்னிரண்டு நாள்கள் ஆகிவிட்டன. கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டு நான் பேசாமல் இருந்ததைச் சோம்பல் என்று நினைத்திருப்பாய். நீ எழுதியிருந்த இரண்டு காரியங்களுக்கும், உன் ஆராதனைக் கேள்விக்கும் திருமண அழைப்புக்கும், ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டுமானால், இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாள் பிடித்தது.

ஓசூர் ஆலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்டு விழுவதால் மாதத்துக்கு ஒருமுறைகூட ஆராதனைக்குப் போக முடியவில்லை என்றும், அப்படி இருப்பவனுக்கு விசுவாசம் என்று என்னதான் மிச்சம் என்றும் கேட்டிருந்தாய். எனக்கும் சனிக்கிழமை இரவு தொடங்கும் வேலை ஞாயிறு விடியும்வரை நீளும் வாரங்கள் உண்டு; கண் எரிய எரிய ஆலயத்தில் உட்கார்ந்து பிரசங்கத்தின் நடுவில் தூங்கிய நாள்களும் உண்டு. மாலை ஆராதனை நடக்கும் ஆலயம் ஒன்று அங்கேயும் இருக்கும், விசாரித்துப் பார். அதற்குமேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஏனென்றால், ஒரு ஞாயிறும் தவறாமல் ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் நான் சொல்லப்போகும் காரியத்தைச் செய்தேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் தாம்பரத்தில் அத்தை வீட்டு மாடி அறையில் தங்கியிருந்தேன் அல்லவா? அத்தை என்னிடம் வாடகை என்று ஒரு ரூபாய் வாங்கியதில்லை. எப்போதாவது மீன் வாங்கிக்கொண்டு போனால் அதற்கே கோபித்துக்கொள்வார். ஆனால் ஜனவரி பிறந்துவிட்டால் அலுவலகத்தில் வரிக்கழிவுக்கான ஆதாரங்களைக் கேட்பார்கள். என் அடிப்படைச் சம்பளம் அப்போது மாதம் 35,000 ரூபாய். மாதம் 12,000 ரூபாய் வாடகை கொடுப்பதாகக் காட்டினால், அடிப்படைச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தது போக மீதி 8,500 ரூபாய்க்கு, அதாவது ஆண்டுக்கு 1,02,000 ரூபாய்க்கு வரி கிடையாது. 20 விழுக்காட்டு வரியும் அதன்மேல் செஸ்ஸும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு 21,216 ரூபாய் கையில் நிற்கும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வேண்டும் என்றார்கள். அத்தை அதையும் கொடுத்தார்.

ஓர் இரவு, குடும்ப ஜெபம் முடிந்து வேதப்புத்தகத்தை மூடி வைத்த அதே சாப்பாட்டு மேசையில், பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு ரசீதுகளை நான் எழுத எழுத, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பின்மேல் அத்தை கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் ஒரே நாளில் எழுதியது என்று தெரிந்துவிடக் கூடாதே என்று இரண்டு பேனாக்களை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். இது தவறு என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. எப்படி நிரப்புவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே வாலிபர் ஐக்கியத்தில் எனக்கு மூத்த ஒருவர்தான். இன்னொன்றையும் கேள்: மிச்சமான அந்தப் பணம் தேவன் தந்த நன்மை என்று நினைத்து, அதற்கும் பத்தில் ஒரு பங்கை, தசமபாகமாக 2,122 ரூபாயைக் கவரில் போட்டுக் காணிக்கைப் பையில் இட்டேன். அடுத்த ஆண்டும் அப்படியே.

பிறகு அலுவலகத்துக்குப் பக்கத்தில் உண்மையாகவே வாடகை கொடுத்துக் குடிவந்துவிட்டேன். அந்த ரசீதுகளை மறந்தும்விட்டேன். இந்த ஆண்டு ஜூலை மாதம் ஞாயிறுபள்ளியில், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்து, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன, வரி வசூலிக்கும் ஆயக்காரன் சகேயுவின் பாடம் நடத்தும் முறை எனக்கு வந்தது. மரம், குள்ளமான மனிதன், "சீக்கிரமாய் இறங்கிவா" என்ற அழைப்பு என்று வழக்கம்போல நடத்தி முடித்தேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி கரும்பலகைக்கு வந்து கணக்குப் போட்டாள். சகேயுவிடம் நூறு ரூபாய் இருந்தால் ஐம்பது ஏழைகளுக்குப் போய்விடும். மீதி ஐம்பதை வைத்துக்கொண்டு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கவேண்டுமானால், அவன் அநியாயமாக வாங்கியது பன்னிரண்டரை ரூபாய்க்குமேல் இருக்க முடியாது. "அப்படியென்றால் எட்டில் ஒரு பங்குதானே அண்ணா, அவன் அவ்வளவு மோசமானவன் இல்லையே?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில், நான் வாங்கியது எவ்வளவு என்ற எண்ணம் வந்துவிட்டது. அது பிறகு போகவில்லை.

ஆயக்காரன் வரியை அதிகமாக வாங்கினான், நான் குறைவாகக் கொடுத்தேன். காசு போகும் திசைதான் வேறு. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்ற வசனத்தைத் திடப்படுத்தல் வகுப்பில் உபதேசியாரிடம் ஒப்பித்து நீயும் நானும் மிட்டாய் வாங்கித் தின்றோமே, நினைவிருக்கிறதா? இல்லாத வாடகையை உள்ளதென்று இருபத்துநான்கு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

விசாரித்தபோது, தாக்கல் செய்த வருமானவரிப் படிவத்தைப் பின்னால் திருத்திக் கூடுதல் வரி கட்டுவதற்கு 2022 ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வரியும் வட்டியும் கட்டி, அவற்றின் கூட்டுத்தொகையில் முந்திய ஆண்டுக்கு 50 விழுக்காடும் பிந்திய ஆண்டுக்கு 25 விழுக்காடும் மேலே வைக்கவேண்டியிருந்தது. மோசேயின் சட்டநூலான லேவியராகமம்கூட வஞ்சித்து எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கைத்தான் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. நம் வருமானவரித் துறை மோசேயைவிடக் கண்டிப்பானது. எல்லாம் சேர்ந்து 76,000 ரூபாய்க்குச் சற்று மேலே வந்தது. அது பழைய வண்டியை மாற்றுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பணம். ஜூலையில் உறுத்தியது அக்டோபரில்தான் செயலாயிற்று. நடுவில் இருந்த மூன்று மாதமும் நான் ஜெபத்தில் காத்திருந்தேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், நம்பவும் வேண்டாம். வண்டியின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடிட்டர், "நோட்டீஸ் ஏதாவது வந்ததா, தம்பி?" என்றார். இல்லை என்றேன். "பிறகு எதற்கு?" என்றார். அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு ஒரு வாக்கியமும் கிடைக்கவில்லை. "மனசு கேட்கவில்லை சார்" என்று மட்டும் சொன்னேன்.

கடினமானது பணம் கட்டியதன்று, அத்தையிடம் சொன்னதுதான். நாற்பது ஆண்டுகளாக ஞாயிறுபள்ளி நடத்துகிறவர். பத்துக் கட்டளைகளைப் பாட்டாகவே பிள்ளைகளுக்குப் பாடிக் கற்றுக்கொடுத்தவர். "ஊர் உலகத்தில் யாரும் செய்யாததையா நாம் செய்துவிட்டோம்? உன்னை வளர்த்துவிட்டதற்கு என்னைப் பொய்ச்சாட்சிக்காரி என்கிறாயா?" என்று அழுதுவிட்டார். நான் அந்தச் சொல்லையே சொல்லவில்லை. அவர் வாயிலிருந்துதான் அது வந்தது. ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு காணிக்கைக் கவரை என் கையில் திணித்தார். உள்ளே 5,000 ரூபாய். "கையெழுத்துப் போட்டது நான்தானே" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைப் போதகரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் வாலிபர் ஞாயிறு அன்று சபையில் சாட்சி சொல்லும்படி கேட்டார்; முடியாது என்றேன். மூன்றாவது வரிசையில் அத்தை உட்கார்ந்திருப்பார். என் சாட்சிக்குச் சபை கைதட்டும்போது அவர் தலை குனியவேண்டும். தவிர, 76,000 ரூபாயைக் கட்டிய நாளிலிருந்தே எனக்குள் ஒரு பெருமை குட்டிபோட்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு ஒலிபெருக்கியும் கொடுத்தால் தாங்காது. உனக்கு எழுதும்போதே அது எட்டிப் பார்க்கிறது, பொறுத்துக்கொள்.

அந்தப் பெருமைக்கு மருந்தும் என் வீட்டிலேயே இருக்கிறது. அம்மா எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். திருமணத் தகவல் மையத்தின் படிவத்தில் சபை எது என்ற கட்டத்துக்குக் கீழேயே சாதி எது என்ற கட்டமும் இருக்கிறது. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று வாசித்து வளர்ந்தவன் என்ற முறையில் அதை வெறுமையாக விட்டேன். அம்மா என்னைக் கேட்காமலே நிரப்பி அனுப்பிவிட்டார். 1833 இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையார் அதை எதிர்த்து நின்றார்கள். 192 ஆண்டுகள் கழித்தும் அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது, அதன் கீழே என் பெயரும் இருக்கிறது. வருமானவரித் துறையிடம் திருத்திய நான் அம்மாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது பேசலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

இனி உன் இரண்டாவது காரியம். ஜனவரியில் நம் ஆலயத்தில் நடக்கும் உன் திருமணத்தில் பதிவேட்டில் சாட்சியாகக் கையெழுத்துப் போட நான் வரவேண்டும் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே பக்கத்தின் கீழே, பெண் வீட்டில் ஐம்பது பவுனும் ஒரு காரும் தருகிறார்கள், நாங்கள் வாய் திறந்து கேட்கவில்லை, அவர்களாகவே போடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். ஒரு பவுன் இந்த 2025 நவம்பரில் 90,000 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. பெண்ணின் தகப்பனார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நம் பக்கத்தில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை என்பது உண்மைதான். "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று உன் அப்பா சொல்லியிருப்பார். அந்த வாக்கியத்துக்கு எத்தனை பவுன் என்பது திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எல்லாருக்கும் தெரியும்.

உன்மேல் கல்லெறிய எனக்குத் தகுதி இல்லை என்பதைக் காட்டவே என் கதையை முதலில் எழுதினேன். ஆனால் ரசீதுகளோடு அலைந்ததில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன்: வாயால் சொல்லும்போது சரியாகத் தெரிகிற காரியம் காகிதத்தில் எழுதிக் கீழே பெயரைப் போடும்போது வேறாகத் தெரிகிறது. 1961 ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், வாங்குவதைப் போலவே கொடுப்பதையும் குற்றம் என்கிறது. கேளாமல் தரும் அன்பளிப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்படிப்பட்ட அன்பளிப்புகளுக்கு, 1985 ஆம் ஆண்டின் விதிகளின்படி, பொருள், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவருடைய உறவு ஆகியவற்றை எழுதிப் பட்டியல் தயாரித்து மணமகனும் மணமகளும் கையெழுத்திடவேண்டும். யாரும் எழுதுவதில்லை, எழுதினால் என்ன தெரிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நீ எழுது. ஆலயத்தில் திருமண அறிவிப்பாக ஓலை வாசிக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு மாலை நீயும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து எழுதுங்கள். ஐம்பது பவுன், அதன் விலை, கொடுத்தவர் தகப்பனார் என்று எழுதிவிட்டு, அவர் மனமுவந்து தருகிறாரா, வீட்டை அடகுவைத்துத் தருகிறாரா என்று அவளிடமே கேள். அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் கை தயங்காமல் கையெழுத்துப் போட்டால் நான் எழுதியதை மறந்துவிடு. தயங்கினால் அன்று இரவே உன் அப்பாவிடம் பேசு. மேடை போட்டு, பந்தல்கால் ஊன்றிய பிறகு பேச முடியாது. உன் அப்பா கோபப்படுவார், என் அத்தையைப்போல ஒரு வாரம் பேசாமலும் இருப்பார். அந்த ஒரு வாரத்தைத் தாங்கிக்கொள்வதற்கு விசுவாசம் வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டாயே, அங்கே தேடிப்பார்.

எதுவானாலும் நான் வருவேன், கையெழுத்தும் போடுவேன். 1872 ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் சாட்சியிடம் கேட்பது இவர்கள் இருவருக்கும் திருமணம் நடந்ததைக் கண்டாயா என்பதை மட்டும்தான். நகையைப் பற்றி அது ஒன்றும் கேட்பதில்லை. ஆனாலும் அந்தப் பேனாவைக் கையில் எடுக்கும்போது அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசை என் நினைவுக்கு வரும். அதை உன்னிடம் மறைத்துக்கொண்டு வந்து நிற்க எனக்கு முடியாது என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன்.

செந்தூர் எக்ஸ்பிரஸில் புறப்பட்டு விடியற்காலையில் நாசரேத் ரயில் நிலையத்தில் இறங்குவேன். வண்டியோடு வந்து நில்; மெஞ்ஞானபுரம் வழியாகப் போவோம். சிறுவயதில் எத்தனை மைல் தள்ளி வரும்போதே தெரிகிறது என்று பந்தயம் கட்டிப் பார்த்த அந்த 192 அடி ஆலயக் கோபுரத்தை வெளிச்சம் வரும் நேரத்தில் பார்த்து வெகுநாள் ஆயிற்று. உன் அம்மாவிடம் சொல்லிக் கருப்பட்டி இரண்டு கிலோ எடுத்து வைக்கச் சொல், அத்தைக்கு. இந்தக் கடிதத்தை உன் அப்பா கண்ணில் படாமல் வைத்துக்கொள். யாருக்காவது காட்டவேண்டும் என்று தோன்றினால் அந்தப் பெண்ணுக்கு முதலில் காட்டு.

உன் பழைய பெஞ்சுத் தோழன்.