‘செல்ஃப் பிரைமிங்’ என்றால் காற்றிலேயே ஓடும் பம்ப் என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவையில் 24 வருஷமாக பம்ப் ரிப்பேர் வேலை பார்க்கிறேன். போன வருஷம் ஆடி மாதம் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். கழிவுநீர்த் தொட்டி மேல் வைத்திருந்த செல்ஃப் பிரைமிங் பம்பில் (உறிஞ்சுகுழாயில் இருக்கும் காற்றைத் தானே வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை இழுக்கும் பம்ப்) நாலு மாதத்துக்குள் மூன்றாவது சீலும் (சுற்றும் தண்டு வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுப்பது) போய்விட்டது, மட்டமான பம்பைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மேனேஜருக்கு ஒரே கோபம். பிரித்துப் பார்த்தால் தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் புதுசு மாதிரி இருக்கிறது, சீல் மட்டும் கருகிக் கிடக்கிறது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. கசடு அடியில் தங்கக்கூடாது என்று கீழேயிருந்து காற்று ஊதுகிறார்கள், அந்தக் குமிழி கிளம்பும் இடத்துக்கு நேர் மேலேயே பம்பின் உறிஞ்சுகுழாயை இறக்கியிருக்கிறார்கள். கேட்டால், "செல்ஃப் பிரைமிங்தானே, காத்து வந்தா அதுவே தள்ளிடுமே" என்கிறார்கள்.

இந்த நினைப்பு நிறையப் பேருக்கு இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தள்ளும் சாதாரண பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வெறும் காற்றுதான் இருக்கிறது என்றால் அது 20 மீட்டர் காற்றுக்கான அழுத்தத்தைத்தான் கொடுக்கும். காற்று தண்ணீரைவிட 800 மடங்குக்கு மேல் லேசு, ஆகவே உறிஞ்சுகுழாயில் தண்ணீர் இரண்டரை சென்டிமீட்டர் ஏறினால் அதிகம். செல்ஃப் பிரைமிங் பம்பின் வயிறு பெரிசாக இருப்பது இதற்காகத்தான். நிறுத்தின பிறகும் கொஞ்சம் தண்ணீர் அதில் தங்கும். மறுபடி ஓட்டும்போது இம்பெல்லர் அந்தத் தண்ணீரையும் குழாயிலிருந்து வரும் காற்றையும் மோர் கடைவதுபோல் அடித்து நுரையாக்கி மேல் அறைக்குத் தள்ளும், அங்கே வேகம் தணிந்ததும் காற்று பிரிந்து, தண்ணீர் வெளியே போகும் டெலிவரி பக்கம் போய்விடும், தண்ணீர் திரும்பவும் இம்பெல்லருக்கே இறங்கும். குழாயில் இருக்கும் காற்றெல்லாம் தீரும்வரை சில நிமிஷம் இதே சுற்றுதான். முதல் தடவை அந்தத் தண்ணீரை நாம்தான் ஊற்ற வேண்டும். டெலிவரியில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு போட்டு அதன் மேல் தண்ணீர் நின்றால் காற்று போக வழியில்லை, அதற்குத் தனியாக ஒரு சின்னக் குழாய் விட வேண்டும், அதையும் பல இடங்களில் விடுவதில்லை.

ஆக, ஆரம்பக் காற்றை வெளியேற்றுவதுதான் இதன் வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போது விடாமல் காற்று வந்தால் கதை வேறு. கனமான தண்ணீரை இம்பெல்லர் வெளியே வீசிவிடும், லேசான காற்று இம்பெல்லரின் நடுவில் தண்ணீர் நுழையும் கண்ணில் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மூன்று சதவீதம் காற்றுக்கே பிரஷர் இறங்க ஆரம்பிக்கும், பத்து சதவீதத்தை நெருங்குவதற்குள் பல பம்புகளில் தண்ணீர் வருவதே நின்றுவிடும். சீலின் இரண்டு முகத்துக்கும் நடுவில் மெல்லிசாகத் தண்ணீர் இருந்தால்தான் அது குளிரும், அது இல்லாவிட்டால் கருகத்தான் செய்யும். கேஸ் கலந்தே வரும் என்று தெரிந்தால் எல்பிஜி பங்க்குகளில் போடும் சைடு சேனல் பம்ப் மாதிரி அதற்கென்றே செய்ததைப் போட வேண்டும். ஆனால் கசடும் நூலும் கலந்த சாயக் கழிவை அது தாங்காது, அங்கே காற்றைத் தள்ளி வைப்பது ஒன்றுதான் வழி.

சரி, செல்ஃப் பிரைமிங்கே வேண்டாம், உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் தண்ணீர் இறங்கிவிடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு போட்டுச் சாதாரண பம்பையே வைக்கலாம் என்றும் அந்த மேனேஜர் சொன்னார். கூடவே கூடாது என்றேன். ஃபுட் வால்வில் அடைப்பு வந்தால் எடுக்க ஒரு ஆளைத்தான் உள்ளே இறக்குவார்கள். கசடு அழுகும் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், அளவு கூடினால் மூக்குக்கு அந்த நாற்றமே தெரியாமல் போய்விடும், நாற்றமில்லையே என்று இறங்குகிறவர் திரும்பி ஏறுவதில்லை. மேலேயே நிற்கும் பம்ப் அந்த ஆளைக் காப்பாற்றுகிறது, அதைச் சரியாக மாட்டினால் போதும்.

உறிஞ்சுகுழாயைத் தொட்டியின் மறு மூலைக்கு மாற்றி, நடுவில் ஒரு தடுப்பு வைத்தோம். அதற்கப்புறம் சீல் மாற்றவில்லை.

பம்ப் செய்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எவ்வளவு ஆழத்திலிருந்து எத்தனை நிமிஷத்தில் காற்றை இழுக்கும், ஓடும்போது எத்தனை சதவீதம் காற்றைத் தாங்கும் என்ற இரண்டு எண்களையும் பம்பின் மேலேயே தமிழில் எழுதி ஒட்டுங்கள். பெட்டிக்குள் வரும் இங்கிலீஷ் புத்தகத்தை மாட்டுகிற ஃபிட்டர் படிப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு பம்ப் மெக்கானிக்,
பீளமேடு, கோவை